மனமுவந்து

மலையடிவாரத்தில் சின்னமடுப் பதி. இருளர்கள் வாழும் நாற்பது வீடுகள். அங்கே பெரியவர்களுக்கு ஒரு பள்ளி நடந்துவந்தது. வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் மாலை நான்கு மணிக்கு வருவார்கள். ஆறு மணிக்கு யானை இறங்கத் தொடங்கும் என்பதால் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

பள்ளியை நடத்தியவர் மாதி. அதே பதியில் பிறந்த பெண். கீழே விடுதியில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். பெரியவர்களுக்கு எப்படிப் பாடம் சொல்வது என்று அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் திருமூர்த்தி. உடுமலைப் பக்கம் தட்டச்சுப் பயிலகம் நடத்தி, ஆள் வராமல் மூடியவர். மாதியைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் மாணவர். அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை.

மூன்றாவது ஆள் நஞ்சி. பள்ளியைக் கூட்டுவதும், வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வருவதும், சுண்டல் வேகவைப்பதும் அவர் வேலை. அது முடிந்ததும் சிலேட்டோடு கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார்.

வந்த முதல் நாளே மாதி திருமூர்த்தியிடம் ஒன்று சொன்னார்.

"பேர் எழுதறதைக் கடைசியா வெச்சுக்கங்க சார்."

"ஏனுங்க டீச்சர்?"

"கடைசியா வெச்சுக்கங்க."

அடுத்த வாரம் மாதி மூன்று மாதப் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போனார். படிக்க வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதலில் கேட்டவர் செம்பன். ஐம்பத்தைந்து வயது. தேன் எடுக்கிறவர்.

"அ, ஆ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க சார். எம்பேரை எழுதிக் காட்டுங்க. ரேசன் கடையில கட்டை விரலை அமுக்கறப்ப எல்லாம் பாக்கறாங்க."

திருமூர்த்தியால் மறுக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் பதினொரு பேர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள். நஞ்சி தன் பெயரைச் சுவரில், கதவில், சுண்டல் பானையின் கரியில்கூட எழுதிவைத்தார்.

மாதி திரும்பி வந்தபோது சுவரெல்லாம் பெயர்கள். வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். திருமூர்த்தி பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"யாராவது வந்தாங்களா சார்?" என்று மட்டும் கேட்டார் மாதி.

வந்திருந்தார்கள். போன வாரம் ஒரு ஜீப் வந்தது. ரோடு போடுவதற்கு மனு என்று சொல்லி ஒருவர் காகிதம் நீட்டினார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டார். பதினொரு பேரும் போட்டி போட்டுக்கொண்டு போட்டார்கள். திருமூர்த்தி அன்று சிலேட்டுக் குச்சி வாங்கக் கீழே போயிருந்தார்.

அன்றிலிருந்து மாதி ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். அது திருமூர்த்தியைக் கலக்கியது.

பத்தாம் நாள் பள்ளிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. திருமூர்த்திதான் முதலில் பார்த்தார். படித்தார். மறுபடி படித்தார். காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பைக் காலி செய்து கீழே மாறிக்கொள்ள பதினொரு குடும்பத்தார் சம்மதக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். ஆட்சேபணை இருந்தால் இன்னும் பன்னிரண்டு நாளில் ஊராட்சி மண்டபத்தில் நடக்கும் விசாரணையில் சொல்லலாம். முதல் பெயர் செம்பன். கடைசிப் பெயர் நஞ்சி.

அன்று மாலை பள்ளிக்கு யாரும் வரவில்லை. நஞ்சி சுவரில் கரியால் எழுதிய தன் பெயரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடம் இன்னும் கறுப்பாயிற்று. அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் அவரும் வரவில்லை. பாத்திரம் விற்கும் வேன் ஒன்று பதிக்குள் நுழைந்ததற்கே எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. செம்பன் தன் பேனாவைக் கிணற்றில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

பதிக்காரர்கள் எதிரே வந்தால் திருமூர்த்தி பாதையை விட்டு விலகினார். மூன்றாம் நாள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டு மாதியின் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், ஏன் கடைசியா வெச்சுக்கச் சொன்னீங்க?"

மாதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவுக்குக் கைநாட்டுத்தான் சார். யாராவது காகிதம் நீட்டினா, இருங்கன்னு சொல்லிட்டு நாலு வீடு போவார். அப்புறம் கீழ இறங்கி வாத்தியார்கிட்டயும் போவார். இதுல என்ன எழுதியிருக்குன்னு கேப்பார். அவர் கேட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க."

"சரிங்க."

"கையெழுத்துப் போடறவர் அப்படிக் கேப்பாரா?"

திருமூர்த்தி பையைக் கீழே வைத்தார்.

"நான் போயிடட்டுங்களா?"

"நோட்டீஸைப் படிக்கத் தெரிஞ்சவர் இங்க நாம ரெண்டு பேருதான். நீங்க போனா நான் ஒருத்தி."

அவர் போகவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஓர் ஆட்சேபணை மனு எழுதினார். இருபது வருடம் வக்கீல்களுக்குத் தட்டச்சு செய்து கொடுத்தவர். வரிக்கு வரி திருத்தமாக இருந்தது. மாதி அதை முழுக்கப் படித்தார்.

"நல்லா இருக்குங்க சார். வாங்க."

இருவரும் செம்பன் வீட்டுக்குப் போனார்கள். செம்பன் கதவைப் பாதி திறந்து பார்த்தார்.

"மாமா, சார் ஒரு மனு எழுதியிருக்கார். ஊரை விட்டுப் போக மாட்டோம்னு. கையெழுத்துப் போடுங்க" என்றார் மாதி.

செம்பன் காகிதத்தைப் பார்த்தார். திருமூர்த்தியைப் பார்த்தார். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"சார் நல்லாத்தான் எழுதியிருப்பார்."

"ஆமா மாமா."

"அந்த ஜீப்புக்காரரும் நல்லாத்தான் பேசினார், மாதி."

திருமூர்த்திக்கு முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. திரும்பி நடக்கையில் மாதி காகிதத்தை அவர் கையில் கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் திருமூர்த்தியே கேட்டார்.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள என்ன செய்ய முடியும்?"

"படிக்கலாம்."

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். நஞ்சியை மாதி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். செம்பன் உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார், எழுந்து ஓட வசதியாக. சம்மதக் கடிதத்தின் நகல் யாரிடமும் இல்லை. அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார்கள். உர மூட்டை, பஸ் டிக்கெட், மாத்திரை அட்டை, தீப்பெட்டி. ஒவ்வொரு எழுத்தையும் அது தங்களை ஏமாற்றப் போகிறது என்பதுபோல் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். பாதியில் நின்றால் திருமூர்த்தி எடுத்துக்கொடுக்கப் போவார். மாதி தலையை அசைப்பார். அவர் வாயை மூடிக்கொள்வார்.

நாலாம் நாள் செம்பன் படியை விட்டு உள்ளே வந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் பள்ளியில் சிரிப்புச் சத்தம் கீழ்ச் சாலை வரை கேட்கும்.

விசாரணை நாள் வந்தது. மண்டபத்தில் காலை பதினொரு மணிக்கே சூடு. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. பக்கத்தில் ஜீப்பில் வந்தவர். கதவோரம் இரண்டு போலீஸ்காரர்கள். பதியிலிருந்து வந்தவர்கள் நாற்காலியில் உட்காராமல் சுவரோடு சுவராக நின்றார்கள். முன்வரிசையில் மாதியும் திருமூர்த்தியும்.

ஜீப்புக்காரர் எழுந்து கடிதங்களை அதிகாரியின் முன்னால் பரப்பினார்.

"கைநாட்டு ஒண்ணுகூட இல்லைங்க சார். எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. ஊர்லயே பள்ளிக்கூடம் நடக்குது." திருமூர்த்தியைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். "வாத்தியாரே வந்திருக்கார்."

திருமூர்த்தி சொல்லிக்கொடுத்த எழுத்துகள் அந்த மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. செம்பனின் 'ம்' எப்போதும் வலப்பக்கம் சாயும். அங்கேயும் சாய்ந்திருந்தது.

"செம்பன் யாருப்பா?"

செம்பன் சுவரை விட்டு வந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா?"

ஆமாம் என்றாலும் போயிற்று. இல்லை என்றாலும் என்ன ஆகும் என்று தெரியாது. செம்பன் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"இப்பப் படிக்கட்டுங்களா?"

அதிகாரி கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார். செம்பன் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றிக் குனிந்தார்.

"கீ... கீழே... கை... யொப்... பம்..."

ஜீப்புக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போலீஸ்காரர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். செம்பனின் கழுத்தில் வேர்வை ஓடியது. ஒரு வார்த்தை முடிந்ததும் நின்று மூச்சு வாங்கி அடுத்ததற்குப் போனார். 'குடியிருப்பை' என்ற இடத்தில் மூன்று தடவை திரும்பிப் போய் வந்தார்.

"ம... ன... மு... வந்து."

நின்றார். மறுபடி படித்தார்.

"மனமு, வந்து."

நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார்.

"யாருங்க வந்து?"

யாரோ சிரித்தார்கள். திருமூர்த்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அது மனம் உவந்து, ஒரே வார்த்தை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாதி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதியுமளவு பிடித்தார். திருமூர்த்தி உட்கார்ந்தார்.

செம்பன் பதிலுக்குக் காத்திருந்தார். ஜீப்புக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"மனமுவந்துன்னா," என்றார் அதிகாரி, "நீங்களா ஆசைப்பட்டு. சந்தோஷமா."

"எதைங்க?"

"ஊரை விட்டுப் போறதை."

செம்பன் காகிதத்தைக் குனிந்து பார்த்தார். அந்த ஒரு வார்த்தையை விரலால் தொட்டார்.

"இதுல ரோடு எங்கங்க எழுதியிருக்கு?"

அதிகாரி கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தானே ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு ஜீப்புக்காரரைப் பார்த்தார். ஜீப்புக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பேர் போட்டதையும் கொடுங்க. நானும் படிக்கணும்" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நஞ்சி.

அன்று ஒன்றும் தீர்ப்பாகவில்லை. பதினொரு கடிதங்களையும் நிறுத்தி வைப்பதாகவும், மூன்று மாதம் கழித்துப் பதிக்கே வந்து எல்லோர் முன்னிலையிலும் படித்துக்காட்டி மறுபடி விசாரிப்பதாகவும் அதிகாரி எழுதினார். அதை அவர் வாய்விட்டுப் படிக்க, செம்பன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பார்த்த பிறகும் கையெழுத்துப் போடவில்லை. பதிக்குப் போய் எல்லோரிடமும் கேட்டுவிட்டு நாளைக்கு வந்து போடுகிறேன் என்றார். அதிகாரி சரி என்றார்.

வாசலில் ஜீப்புக்காரர் திருமூர்த்தியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க வாத்தியாரே," என்றார் மெதுவாக. "எந்த ஊரு உங்களுக்கு? உடுமலையா?"

திருமூர்த்தியின் ஊரை அங்கே யாரும் சொல்லியிருக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறும்போது பதிக்காரர்கள் முன்னால் போனார்கள். செம்பனைச் சுற்றிப் பேச்சு நடந்தது. மாதியும் திருமூர்த்தியும் பின்னால் வந்தார்கள். திருமூர்த்தி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பாதையில் யாரும் இல்லை.

"டீச்சர், அந்த வார்த்தையில அவர் நின்னப்போ எனக்கு உசிரே போயிருச்சுங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. எடுத்துக் கொடுத்தா என்னன்னு எழுந்துட்டேன்."

"ம்."

"நீங்க கொஞ்சமும் பதறலை. அப்படியே உக்காந்திருந்தீங்க. எனக்கும் அந்த மாதிரி வரணும். எப்படிங்க உங்களால முடியுது?"

மாதி நின்றார். திருமூர்த்தியின் மணிக்கட்டைப் பார்த்தார். நான்கு நகத்தடங்கள் இன்னும் சிவந்திருந்தன.

"நானும் எழுந்துடுவேனோன்னு பயமா இருந்தது சார். பிடிச்சுக்க வேற ஒண்ணும் இல்லை."