வாட்ச்மேன் நோட்டில் ஆட்டோ நம்பர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அந்த மூலையில இருந்தா பாதிதான் காதுல விழும், அப்புறம் மீதியை நீங்களா இட்டுக்கட்டிக்குவீங்க. ஐம்பத்துநாலு வயசு ஆள், இருபத்தாறு வயசுப் பொண்ணுக்குச் சீடன் ஆன கதை இது.

காஞ்சிபுரத்தில் ஏகாம்பரம் முப்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறார். வலது முட்டி போய்விட்டது. பிரேக் மிதிக்கிற கால் அதுதான். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். அதுக்கப்புறம் வேற தொழில் பாரும்" என்று சொல்லிவிட்டார். வேறு தொழில் ஏகாம்பரத்துக்குத் தெரியாது.

அவர் வண்டியில் தினமும் கூரியர் ஆபீசுக்குப் போய், தனக்கு வரும் சாமான்களை எடுத்துவருவாள் ஜெசிந்தா. குக்கர், மிக்ஸி, தோசைக்கல் இதையெல்லாம் வீட்டில் வைத்துச் சமைத்துப் பார்த்து, போனில் வீடியோ போடுவாள். பார்த்தவர்கள் அவள் சொன்ன வழியில் போய் வாங்கினால் அவளுக்குக் காசு. உட்கார்ந்த இடத்தில் சம்பாத்தியம். முட்டிக்கு வேலையே இல்லை.

ஒருநாள் ஏகாம்பரம் வண்டியை ஓரங்கட்டினார்.

"இந்த அஃபிலியேட், அஃபிலியேட்னு சொல்றியேம்மா, அது இன்னா?"

"வெளியூர்க்காரங்களைப் பட்டுக்கடைக்குக் கூட்டிட்டுப் போனா, கடைக்காரர் உங்களுக்கு என்ன தருவார்?"

"கமிஷன்."

"அதேதான்."

"லிங்க்?"

"நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு கடைக்கு எப்படித் தெரியும்?"

"வாட்ச்மேன் நோட்டுல வண்டி நம்பரை எழுதிக்குவான்."

"அந்த நம்பர்தான் லிங்க்."

ஏகாம்பரம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். "கிளிக்கு?"

"கடைப் படி ஏறுறது."

"கன்வர்ஷன்?"

"பையோட இறங்குறது."

"குக்கீ, குக்கீன்னு ஒண்ணு சொல்வியே?"

"காலையில நீங்க இறக்கிவிட்ட பார்ட்டி, வாங்காமப் போயிட்டு, சாயங்காலம் தானா நடந்து வந்து வாங்கினா?"

"நோட்டுல நம்பர் இருக்குமே. ஷட்டர் போடுறவரைக்கும் நம்ம பார்ட்டிதான்."

"அதான் குக்கீ. சில கம்பெனியில ஒரு நாள் நிக்கும். சிலதுல முப்பது நாள்."

"முப்பது நாளா?" ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. "அப்போ முப்பது வருஷமா நான் இதையேதான் பண்ணினு இருக்கேனா, டீச்சர்?"

அன்றிலிருந்து அவள் டீச்சர்.

அவர் கால்முட்டியில் ஒரு எலாஸ்டிக் பட்டை போட்டிருப்பார். முதல் வீடியோ அதைப் பற்றித்தான். லிங்க் போட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த நாற்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்து அமுக்கச் சொன்னார். நாற்பது கிளிக், ஒரு கன்வர்ஷன்கூட இல்லை. பொறுக்கமுடியாமல் தன் லிங்கில் தானே ஒரு பட்டை வாங்கினார். கமிஷன் கிடையாது என்று கம்பெனி மெயில் அனுப்பிவிட்டது.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்க ஆட்டோவுல நீங்களே ஏறி, நீங்களே மீட்டர் போட்டு, நீங்களே காசு வாங்குவீங்களா அண்ணா?"

"மீட்டரா?" என்று ஏகாம்பரம் மேலே பார்த்தார். பழைய காலத்துக் கைப்பிடி மீட்டர். துருவேறிக் கிடந்தது. அது ஓடி ஸ்டாண்டில் யாரும் பார்த்ததில்லை.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்றாள்.

அப்புறம் ஒரு வீடியோ போட்டார். முட்டிவலிக்காரன் ஆட்டோவில் எந்தக் காலை முதலில் வைத்து ஏற வேண்டும், எப்படி இறங்க வேண்டும். அவ்வளவுதான் அதில். அது பிடித்துக்கொண்டது பாருங்கள். வேலூரிலிருந்து ஒரு அம்மா எழுதினாள், "பேருந்தில் ஏறப் பயந்து இரண்டு வருஷம் வீட்டிலேயே கிடந்தேன், நேற்று ஏறிவிட்டேன்" என்று. ஒரு மாசத்தில் மூவாயிரத்து நூறு பேர் அவர் பின்னால் வந்துவிட்டார்கள்.

அதை மோப்பம் பிடித்து ஒரு தைலக் கம்பெனி கூப்பிட்டது. முட்டிவலித் தைலம். நூற்றுக்கு நாற்பது கமிஷன். முப்பது நாள் குக்கீ. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் வீடியோ போட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். தேய்த்துப் பார்க்க இரண்டு பாட்டில் வேறு அனுப்பிவைத்தார்கள். ஏகாம்பரம் பத்து நாள் தேய்த்தார். கற்பூர வாசனை நன்றாக வந்தது. வலி இருந்த இடத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜெசிந்தா வந்தாள். ஏகாம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நாற்பது, டீச்சர். பாதிப் பேர் வாங்கினாக்கூட வண்டியை வித்துட்டு உட்கார்ந்துடலாம். போட்டுடட்டுமா?"

"வேலை செய்யுதா?"

"எனக்குக் கேக்கல. மத்தவங்களுக்குக் கேக்கலாம் இல்ல?"

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"தம்பிக்குக் கல்யாணம். அம்மாவுக்குப் பட்டு எடுக்கணும், வண்டியை எடுங்க."

"எந்தக் கடை?"

"எனக்குப் பட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க எங்க விடுறீங்களோ அங்க இறங்குறேன்."

பெரிய தெருவில் மூன்று மாடிக் கடை. வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே வாட்ச்மேன் நோட்டைப் பிரித்துவிட்டான். ஏகாம்பரத்தின் கால் பிரேக்குக்குப் போனது. அப்புறம் விலகிக்கொண்டது. வாட்ச்மேன் பேனாவும் கையுமாக நின்று பார்த்தான்.

வண்டி பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் போய் ஒரு நெசவுக்காரர் வீட்டு வாசலில் நின்றது. அங்கே வாட்ச்மேனும் இல்லை, நோட்டும் இல்லை. வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்கு டீ கொடுத்தார். ஜெசிந்தா ஒன்றரை மணி நேரம் புரட்டிப் பார்த்து, மாம்பழ நிறத்தில் ஒரு புடவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பெரிய கடையில உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"நூத்துக்குப் பத்து."

"இங்க?"

"இதோ, இந்த டீ."

"அப்புறம் ஏன் அண்ணா இங்க வந்தீங்க?"

"இன்னா டீச்சர் நீ. அங்க உன்ன மாதிரி தெரியாத ஆளுன்னா டூப்ளிகேட் ஜரிகையைத் தள்ளிடுவான். நாளைக்கு நீ இதே வண்டியில ஏறணுமில்ல? உன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

ஜெசிந்தா பின்சீட்டில் ஏறிப் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏகாம்பரத்தின் போனை எடுத்து, அந்த மூவாயிரத்து நூறு என்ற எண் தெரிகிற பக்கத்தைத் திறந்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இவங்களும் ஏறியாச்சு. இவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. எங்க விடப்போறீங்க?"

மணி ஐந்து நாற்பது. தைலக் கம்பெனிக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டான்.

ஐந்து ஐம்பதுக்கு அவர் சீட்டுக்கு அடியிலிருந்து தைல பாட்டிலை எடுத்தார். போனை டீச்சர் கையில் கொடுத்து, "பிடி, நேரா பிடி" என்றார். கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். கால்ல போட்டிருக்கேனே, இந்தப் பட்டை, இது வலியைப் போக்காது. பிரேக் மிதிக்க விடும், அவ்ளோதான். லிங்க் கீழ இருக்கு. அதுல வாங்கினா எனக்குக் கமிஷன் வரும், தெரிஞ்சுக்கங்க. அப்புறம் இந்தத் தைலம். பத்து நாள் தேய்ச்சேன். என் முட்டிக்குக் கேக்கல. வேற எதுக்காவது கேக்குதான்னு பார்ப்போம்."

என்று சொல்லிவிட்டு, துருவேறிய மீட்டர் கைப்பிடியில் நாலு சொட்டு விட்டார். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, டங்கென்று மீட்டரைப் போட்டார்.