கை நனைத்த மான்

மானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டும் என்ற காலம் வருவதற்கு ரொம்ப முந்தி, மலையடிவாரத்தில் ஓணாங்கரட்டுப்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. எந்த ஊரை எடுத்தாலும் ஒரு புத்திசாலியாவது இருக்கத்தான் செய்வார். அந்த ஊருக்கு வாய்த்தவள் அங்கம்மா. பாவம், அவளுக்கு ஒச்சப்பன் மேல் ஆசை.

ஒச்சப்பன் தங்கமான பையன். சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டான், அதுதான் அவனிடம் இருந்த ஒரே குறை. "மழை வந்தா மிளகாயை உள்ள அள்ளிப் போடுறா" என்று அவன் அம்மா ஒருநாள் சொல்லிவிட்டுப் போனாள். மழை வந்தது. ஒரு மிளகாய் நனையவில்லை. பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்த நெல் முழுக்க நனைந்து நாலாம் நாள் முளைவிட்டது. நெல்லைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லையே!

அங்கம்மாவின் அப்பா மூக்கையாவின் வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வருகிறவன் பரிசத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வேட்டைக்கறியும் வைக்க வேண்டும். மூக்கையா தன் கல்யாணத்துக்கு முயல் கொண்டுபோனவர். அந்த முயல் கிணற்றடியில் தானாகச் செத்துக் கிடந்தது என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் காலம் ஆக ஆக மனிதருக்கு வீரம் ஏறிவிட்டது.

"முயலு கியலெல்லாம் ஆகாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பொழுது சாயறதுக்குள்ள எவன் என் வாசலுக்கு மான் தொடை கொண்டு வர்றானோ, அவனுக்குத்தான் அங்கம்மா. யாரும் வரலேன்னா சனிக்கிழமை கம்பத்து மாப்பிள்ளைக்கு வெத்தலை மாத்திருவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒச்சப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அங்கம்மாதான் அவனை ஓடைக்கரைக்கு வரச்சொல்லி ஆளனுப்பினாள்.

"மச்சான், நான் அந்தக் காட்டுல ஆடு மேய்ச்சவ. சொல்றதை நல்லாக் கேட்டுக்க. ஒண்ணு, காத்து உன் மூஞ்சில அடிக்கணும். முதுகுல அடிச்சா உன் வாடை மானுக்குப் போயிரும். ரெண்டு, வாயைத் தொறக்கக் கூடாது. மூணு, குளம்படி தெரிஞ்சா மிதிச்சுக் கெடுத்துராத, பத்திரமாப் பாத்துக்க. நாலு, மான் நிமிந்து நிக்கும்போது ஈட்டியை எறியாத. குனிஞ்சு திங்கும்போது எறி."

ஒச்சப்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான். கட்டைவிரல் மட்டும் நின்றது.

"அஞ்சாவது?"

"அஞ்சாவது ஒண்ணும் இல்ல மச்சான்."

"வெரல் மிச்சம் இருக்கே புள்ள."

அங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "அஞ்சு, சந்தோசமாப் போயிட்டு வா" என்றாள். ஒச்சப்பன் திருப்தியாகக் கட்டைவிரலையும் மடக்கினான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒச்சப்பனோடு இரண்டு கூட்டாளிகள் கிளம்பினார்கள். ஒருவன் சங்கிலி, நியாயம் பேசுவதில் கெட்டிக்காரன். ஆட்டைத் தொலைத்துவிட்டு வந்தவனிடம், ஆடுதான் உன்னைத் தொலைத்துவிட்டது என்று சொல்லித் தேற்றி அனுப்புவான். இன்னொருவன் நல்லகுட்டி. அவன் சோற்று மூட்டையைத் தூக்க வந்தவன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஈட்டி.

ஊர் எல்லையைத் தாண்டியதுமே முதல் சிக்கல் வந்தது. காடு இருப்பது மேற்கே. காற்று அடிப்பதோ கிழக்கேயிருந்து.

"காத்து மூஞ்சில அடிக்கணும்னு அங்கம்மா சொல்லிச்சு. இது முதுகுலதான அடிக்குது" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப காத்தைப் பாத்து நட" என்றான் நல்லகுட்டி.

"காத்தைப் பாத்து நடந்தா ஊருக்குல்ல போவோம்? ஊருல ஏதுடா மான்?"

சங்கிலி கண்ணை மூடி யோசித்தான். "மூஞ்சி எங்க இருக்கணும்னு அங்கம்மா சொல்லிச்சு. காலு எந்தப் பக்கம் போகணும்னு சொல்லலையே."

இதற்கு மேல் என்ன வேண்டும்? மூவரும் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்பக்கமாகவே நடந்து காட்டுக்குள் புகுந்தார்கள். காற்று முகத்தில் சுகமாக அடித்தது. முதுகில் இலந்தை முள் குத்தியது. முதுகைப் பற்றி அங்கம்மா எச்சரித்தது காற்றுக்குத்தான், முள்ளுக்கு இல்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் நல்லகுட்டி கத்தினான்: "டே, நாம வாயைத் தொறக்கக் கூடாதுல்ல?"

"அதைச் சொல்ல நீ ஏன்டா வாயைத் தொறந்த?" என்று சங்கிலி அதைவிடச் சத்தமாகக் கேட்டான்.

"நீ மட்டும் தொறக்கலாமா?"

"சும்மா இருங்கடா, மான் ஓடிரும்!" என்று ஒச்சப்பன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த மயில்கள் எல்லாம் எழுந்து போயின.

உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கையால் பொத்திக்கொண்டால் வாய் திறந்த கணக்கில் சேராது. அதன் பிறகு மூவரும் ஒரு கையால் வாயைப் பொத்தியபடியே பின்னால் நடந்தார்கள். பேச வேண்டியதையெல்லாம் பொத்திய கைக்குள்ளேயே பேசினார்கள். ஒருத்தன் சொன்னது இன்னொருத்தனுக்கு விளங்காததால் சண்டையும் வரவில்லை.

ஓடை மணலில் அங்கம்மா சொன்ன குளம்படி அகப்பட்டது. ஈர மண்ணில் அச்சடித்த மாதிரி நான்கு தடம். மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார்கள்.

"பத்திரமாப் பாத்துக்கச் சொல்லிச்சு. இங்கனயே போட்டுட்டுப் போனா எவனாவது மிதிச்சிருவான்" என்றான் ஒச்சப்பன் கவலையோடு.

"எடுத்துக்கிட்டுப் போயிருவோம்" என்றான் சங்கிலி.

ஈட்டி முனையால் சுற்றிலும் தோண்டி, தடங்களை மண்ணோடு பெயர்த்துத் துண்டில் கட்டினார்கள். நல்லகுட்டியின் ஒரு தோளில் சோற்று மூட்டை, மறு தோளில் மண் மூட்டை. போகிற வழியில் ஒரு நெல்லி மரம் வந்தது. ஆளுக்கு ஒரு மடி நெல்லிக்காய் தின்றுவிட்டுச் சுனைத் தண்ணீரைக் குடித்தார்கள். தண்ணீர் வெல்லமாக இனித்தது. கல்யாணமே இதில்தான் தொங்குகிறது என்பதுகூட ஒச்சப்பனுக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. சந்தோசமாக இருக்கச் சொல்லியிருக்கிறாளே, அதையும் செய்யத்தானே வேண்டும்.

உச்சிப்பொழுதில் பசித்தது. பின்னாலேயே நடந்து வந்தவர்கள் ஒரு பாறையில் முட்டி நின்று, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் படுத்திருந்தது. இத்தனை வருஷமாக அதைத் துரத்தியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு வந்தவர்களை அது இப்போதுதான் பார்க்கிறது. ஓடுவதா வேண்டாமா என்று அதற்கும் ஒரு குழப்பம்.

நல்லகுட்டி தேக்கிலையைப் பரப்பிப் புளிச்சோற்றை வைத்தான். ஓரத்தில் உப்பு நார்த்தங்காய். உப்பு வாடை பட்டதும் மான் எழுந்து வந்து, ஒச்சப்பனின் இலையில் வாயை வைத்துவிட்டது.

மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு உறைந்துபோனார்கள். மான் குனிந்திருக்கிறது, தின்கிறது. நாலாவது விரல்! ஒச்சப்பன் ஈட்டியை ஓங்கினான். அங்கம்மா மணக்கோலத்தில் வந்து கண்முன்னே நின்றாள்.

"பொறு மாப்ள" என்று சங்கிலி தடுத்தான். "நம்ம மான்தானான்னு பாக்க வேணாமா? ஆள் மாறிப் போச்சுன்னா பாவம்."

துண்டை அவிழ்த்து, மண்கட்டிகளை ஒவ்வொன்றாக மானின் காலோடு வைத்து அளந்தார்கள். மானுக்கு நார்த்தங்காயில்தான் கவனம். மூன்று தடம் பொருந்தியது. நாலாவது வழியிலேயே உடைந்து பொடியாகிவிட்டது.

"மூணு காலு நம்மது. நாலாவது காலு யாருதுன்னு சொல்ல முடியாது" என்றான் சங்கிலி.

"நமக்கு ஒரு தொடை போதும்டா" என்று மறுபடியும் ஈட்டியை ஓங்கினான் ஒச்சப்பன்.

இந்தத் தடவை கையைப் பிடித்தவன் நல்லகுட்டி. அவன் கண் கலங்கியிருந்தது. "ஒச்சப்பா, அது கை நனைச்சிருச்சுடா."

ஒச்சப்பனின் கை அப்படியே நின்றது. அந்தப் பக்கத்தில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. சம்பந்தமோ சமாதானமோ, பேச்சு முடியாத வரைக்கும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் பகை தீர்ந்தது, உறவாகிவிட்டார்கள் என்று அர்த்தம்.

"வாயைத்தான்டா நனைச்சிருக்கு, கையை நனைக்கலையே" என்று ஒச்சப்பன் கெஞ்சினான். அவன் வாழ்க்கையிலேயே புத்தியாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"கை இருந்தா நனைச்சிருக்காதா? இல்லாததுக்கு அது என்ன செய்யும்?" என்றான் சங்கிலி.

ஒச்சப்பன் ஈட்டியைக் கீழே போட்டான். சொந்தக்காரன் சாப்பிடும்போது முகத்தைச் சுளிக்கலாமா? "இன்னும் கொஞ்சம் வச்சுக்க" என்று தன் பங்குச் சோற்றையும் மான் பக்கம் தள்ளினான். மான் இலையையும் சேர்த்துத் தின்றது. நல்லகுட்டி அதற்குத் தண்ணீர் காட்டினான். சங்கிலி அதன் முதுகில் உண்ணி எடுத்தான். நால்வரும் நிழலில் படுத்து ஒரு தூக்கம் போட்டார்கள். அப்படி ஒரு நல்ல நாள் தன் பிறவியிலேயே வந்ததில்லை என்று ஒச்சப்பன் பின்னாளில் சொல்வான். சொல்லும்போதே அழவும் செய்வான்.

பொழுது இறங்கியதும் வெறுங்கையோடு வீட்டுக்குக் கிளம்பினார்கள். உப்புக் கை எங்கே போகிறதோ அங்கேதான் நானும் என்று மானும் கூடவே வந்தது. ஊர் நாய்கள் எழுந்து பார்த்தன. அவையும் அந்த ஊர் நாய்கள்தானே, ஒதுங்கி வழிவிட்டுப் படுத்துக்கொண்டன. மூக்கையா வீட்டு வாசலில் இருந்த கழுநீர்ப் பானையின் வாடை பட்டதும் மான் ஒரே தாவாகத் தாவி முன்னால் ஓடிப் பானைக்குள் தலையை விட்டது. ஒச்சப்பனும் கூட்டாளிகளும் மூச்சு வாங்கப் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

அங்கம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். மானைப் பார்த்தாள், ஒச்சப்பனைப் பார்த்தாள். "மச்சான்! உயிரோடவே கொண்டாந்துட்டியா!"

"நான் எங்க புள்ள கொண்டாந்தேன்? அதுவாத்தான் வந்துச்சு" என்று ஒச்சப்பன் உள்ளதை உள்ளபடி சொன்னான். அங்கம்மா பல்லைக் கடித்தாள்.

மூக்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மானை மூன்று முறை சுற்றினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். மான் தொடையை என் வாசலுக்கு எவன் கொண்டு வர்றானோ அவனுக்குத்தான் பொண்ணு. ஒச்சப்பன் கொண்டு வரலேன்னு அவன் வாயாலேயே சொல்லிட்டான். கொண்டு வந்தது இது. ஒண்ணு கேட்டேன், நாலு கொண்டாந்திருக்கு. என் வம்சத்துலேயே இப்படி ஒரு மாப்பிள்ளை வந்ததில்ல."

"நியாயம்தான்" என்றான் சங்கிலி. ஒச்சப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். மான்தான் சொந்தக்காரனாகப் போய்விட்டதே, எதிர்த்துப் பேச முடியுமா?

"அப்பா!" என்று அங்கம்மா போட்ட கூச்சலில் மான் பானையிலிருந்து தலையை எடுத்தது. "கண்ணைத் தொறந்து பாருங்க. கொம்பு எங்க இருக்கு? இது பொட்டை மான்!"

மூக்கையா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வெகுநேரம் மீசையைத் தடவினார். அங்கம்மாவுக்கு உயிர் வந்தது. அப்பா ஒச்சப்பன் பெயரைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள்.

"பொட்டையா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் மூக்கையா. "ஒச்சப்பா, கலங்காத. நீயும் பொண்ணு இல்லாம நிக்கிற, இதுவும் நம்மளை நம்பி வந்திருக்கு. என் மக மாதிரி நானே கட்டி வைக்கிறேன்."

ஒச்சப்பன் அங்கம்மாவைப் பார்த்தான். மானைப் பார்த்தான். பெரியவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

"பரிசம் என்ன மாமா போடணும்?"

"வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான்பா. ஒரு மான் தொடை."

அங்கம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் விடியற்காலையில் மூவரும் மறுபடி மான் வேட்டைக்குப் புறப்பட்டார்கள். கல்யாணப் பெண்ணையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். எந்தத் தொடை வேண்டுமென்று அதுவே பார்த்துச் சொல்லட்டும், நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள்.