கையெழுத்துப் போட்டவர் நுழையாத அறை

மாசிலாமணி பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்றுத் தலையெடுத்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், தன்னைவிட இளையவரான எஸ்தர் டீச்சரிடம் நிரல் எழுதக் கற்றதே மகள் கலைமதிக்காகத்தான். பேச்சு வராத பிள்ளை. அவள் கையிலிருக்கும் கருவியில் படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். இப்போதெல்லாம் பாதிப் பேச்சில் உறைந்துபோகிறது. விற்ற கம்பெனி கையை விரித்துவிட்டது.

இதே கோளாறு பல வீடுகளில். அந்தக் கருவிக்குப் புதிதாக ஓர் இயங்குதளத்தை டீச்சரின் மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணியும் அவர்களில் ஒருவர். எழுதும் அறைக்குள் டீச்சர் மட்டும் கால் வைப்பதில்லை. வாசலோடு சரி.

அன்று ஒரு தாளோடு வந்தார் மாசிலாமணி.

"கம்பெனிக்காரன் கருவிக்குள்ள ஓடுற மூல நிரலைத் தர்றானாம் டீச்சர். உரிமத்துல கையெழுத்துப் போடணும். நானும் பேரம் பேசிப் பார்த்துட்டேன். கல்லு மாதிரி நிக்கிறான்."

"என்ன கேக்குறான்?"

"என் பொண்ணு கருவியை நான் சரி பண்ணிக்கலாம். எப்படின்னு இன்னொருத்தர்கிட்ட மூச்சு விடக் கூடாது. நிரலைப் பார்த்தவன் அது மாதிரி வேற எழுதவும் கூடாதாம்."

"நானும் போட்டேன் அண்ணே, என் மகனுக்காக. கருவி சரியாச்சு. கண்ணை மூடுற அன்னிக்கு வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தான்."

மாசிலாமணிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"அப்போ கோளாறு எங்கேன்னு உங்களுக்குத் தெரியும்! உள்ளே நாங்க மண்டையை உடைச்சுக்கிறோம், நீங்க வாசல்ல நின்னு டீ நீட்டுறீங்க! காதுல சொன்னா எவனுக்குத் தெரியப்போகுது?"

"கம்பெனிக்குத் தெரிஞ்சா கோர்ட்டுக்குப் போவான். நீங்க எல்லாரும் எழுதினது மொத்தமும் முடங்கிடும். ஒரு பிள்ளைக்கும் மிஞ்சாது."

"எழுதி முடிக்க எத்தனை வருஷமாகும்?"

"தெரியாது."

உள்ளே மாசிலாமணியின் நாற்காலி காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் இனி அதில் உட்கார முடியாது. அவர் குரல் இறங்கிவிட்டது.

"கலைமதி நேத்து பசின்னு சொல்ல வந்தா டீச்சர். பாதியிலே நின்னுபோச்சு. அந்தக் கருவிக் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதா."

டீச்சர் பேனாவை நீட்டினார்.

"போடுங்க அண்ணே. அவ பேசட்டும்."

"மத்தப் பிள்ளைங்க?"

"அவங்க பேரை மட்டும் கேட்டு வச்சுக்காதீங்க. நான் கேட்டு வச்சுக்கிட்டேன், ராத்திரியில ஒவ்வொண்ணா ஞாபகம் வருது."