கண்ணாடியில் ஏறிய கோடு

தென்காசியில் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் இருந்தது. அங்கே நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு உண்டான புத்தி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆபீஸ் இளையபெருமாளுடையது. அவருக்குக் கீழே சொரிமுத்து, தாயப்பன், ஆவுடைச்செல்வி. கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை வரி வரியாக எழுதுவதுதான் அவர்கள் தொழில். எழுதிய வரிகளைப் போட்டு வைக்கிற இடத்துக்கு ரெப்போ என்று பெயராம். நெல் கொட்டி வைக்கிற குதிர் மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன்.

அரிசி மில் சிவனணைந்தான் அண்ணாச்சி, மூட்டைக்குச் சீட்டு அடிக்க ஒரு சாஃப்ட்வேர் கேட்டிருந்தார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"எனக்கு உங்க எழுத்து புரியாது. அது நெல் குதிர் மாதிரி ரொம்புதா இல்லையான்னு படமாப் போட்டு வையுங்க. மாசா மாசம் வருவேன். கோடு ஏறணும். இறங்கிச்சுன்னா ஒப்பந்தத்தைக் கிழிச்சிருவேன்."

ஒப்பந்தம் கிழிந்தால் ஆபீஸ் இல்லை. ஆபீஸ் இல்லையென்றால் இளையபெருமாள் மாமனாரின் சிமெண்டுக் கடையில் போய் உட்கார வேண்டும். மாமனார் ஏற்கெனவே அவருக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார்.

வாசல் கதவு கண்ணாடிக் கதவு. அதன் உள்பக்கம், ரெப்போவில் மொத்தம் எத்தனை வரி என்று வாரா வாரம் காட்ட மார்க்கரால் கட்டம் போட்டார்கள். முதல் வாரம் நானூறு வரி. சாஃப்ட்வேரும் முடிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சே, இனி கோடு எப்படி ஏறும்?" என்று கலங்கினாள் செல்வி.

"அதையே இன்னொரு தடவை போடுவோம்" என்றான் சொரிமுத்து.

போட்டார்கள். எண்ணூறு. அடுத்த வாரம் ஆயிரத்து இருநூறு. அதற்கடுத்து ஆயிரத்து அறுநூறு. கோடு தென்னை மரம் ஏறுகிற மாதிரி ஏறியது. அண்ணாச்சி உள்ளே வந்து பார்த்து, ஆளுக்கு ஒரு பாக்கெட் அல்வா கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளே மில்லிலிருந்து போன் வந்தது. ஒரு மூட்டைக்கு நாலு சீட்டு விழுகிறதாம்.

செல்வி கூடுதலாகப் போட்ட நகல்களை வாரத்துக்கு ஒன்றாக அழித்தாள். சீட்டு சரியாக விழுந்தது. ஆனால் புது மாதத்துக்குப் புதிதாகப் போட்ட கோடு, ஆயிரத்து அறுநூறிலிருந்து வாரா வாரம் வழுக்கி நானூறில் வந்து நின்றது. அண்ணாச்சி வருகிற நாளும் வந்தது.

"கதவைக் கழற்றித் தலைகீழா மாட்டுவோமா?" என்றான் தாயப்பன்.

"கழற்றுமுன்னே நீ தலைகீழா நின்னு பாரு. ஏறுதான்னு சொல்லு" என்றார் இளையபெருமாள்.

தாயப்பன் சுவரில் காலைப் போட்டுத் தலைகீழாக நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சார், அப்பவும் இறங்குது."

"நல்லாப் பாருலே!"

"ரத்தம் தலைக்கு ஏறுது சார். கோடு இறங்குது."

டீ வாங்க வெளியே போன சொரிமுத்து அப்படியே நின்று கத்தினான். "ஏறுது! இங்கேருந்து பார்த்தா ஏறுது!"

எல்லோரும் வெளியே ஓடினார்கள். ஏறியது. உள்ளே ஓடினார்கள். இறங்கியது.

"எண்ணெல்லாம் திரும்பித் தெரியுமே?" என்றாள் செல்வி.

"அண்ணாச்சி கோட்டைத்தானே கேட்டாரு" என்றான் சொரிமுத்து.

அதற்குள் படியில் செருப்புச் சத்தம். மூன்று பேரும் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அண்ணாச்சி முகத்தில் முழிக்கப் பயந்து இளையபெருமாள் உள்ளே மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

அண்ணாச்சி கண்ணாடியை உற்றுப் பார்த்தார். "ஏறுதே! இது என்ன எண்ணு, வெளிநாட்டு எண்ணா?"

"ஆமா அண்ணாச்சி" என்றார்கள் மூன்று பேரும்.

தாயப்பன் முதுகில் காகிதத்தை வைத்து, ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டார். பிறகு உள்ளே போகக் கை நீட்டினார்.

செல்விக்குப் பொய் ரெண்டாவது தடவை வராது. "உள்ளே போனா கோடு இறங்கிரும் அண்ணாச்சி!"

அண்ணாச்சி மின்சாரம் பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். "அப்ப எவனும் உள்ள போகப்படாது!" கதவில் சாவியோடு தொங்கிய பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு, சந்தோஷமாக மில்லுக்குப் போய்விட்டார்.

மேஜைக்கு அடியிலிருந்து இளையபெருமாள் எழுந்து வந்தார். "கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டாரு சார்!"

"ஏலே, கதவைத் திறங்க."

மூன்று பேரும் யோசித்தார்கள். "திறந்தா யாராவது உள்ள போயிருவாங்க சார்" என்றான் சொரிமுத்து. "அண்ணாச்சி எவனும் போகப்படாதுன்னுட்டாரு."

"நான் உள்ளதான்லே இருக்கேன்! எனக்கு இறங்குதே!"

"உங்க ஒருத்தருக்குத்தான் சார் இறங்குது. எங்க மூணு பேருக்கு ஏறுது. மொத்தத்துல ஏத்தந்தான்."

இளையபெருமாளுக்கு அந்தக் கணக்கில் தப்புத் தெரியவில்லை. ஆனாலும் நாள் முழுக்க இறங்குகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்? பழைய துணியால் அழித்துவிட்டு, தன் பக்கம் ஏறுகிற மாதிரி வரைந்தார்.

"ஐயோ சார், இங்க இறங்குது!" என்று வெளியே மூன்று பேரும் அலறினார்கள்.

மறுபடி அழித்தார். மாற்றி வரைந்தார். இப்போது அவர் அலறினார்.

கடைசியில் தாயப்பன்தான் சமாதானம் சொன்னான். "சண்டை வேண்டாம் சார். காலையில உங்களுக்கு ஏறட்டும், சாயங்காலம் எங்களுக்கு ஏறட்டும்."

பூட்டிய கதவுக்குப் பின்னால் இளையபெருமாள் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். நியாயமாகத்தான் பட்டது.

"அப்படின்னா மார்க்கர் பத்தாதுலே. ஜன்னல் வழியா ரெண்டு போடு."