மஞ்சள் கச்சைக்கே வெற்றி

எம்பெருமான் திருமுன் நின்று ஒரு பாசுரம் சொல்லச் சொன்னால் வாய் திறவாத கூட்டம், மற்போர்க் களத்தில் மட்டும் தொண்டை கிழியக் கூவும். வேளூர் மக்கள் அத்தகைய பக்தர்கள்! அவர்கள் வழிபட்ட தெய்வம், அரண்மனை மல்லன் வேங்கைமல்லன். பத்து ஆண்டுகளாகச் சொந்தக் களத்தில் அவன் தோற்றதில்லை. எல்லை தாண்டினால் வென்றதுமில்லை.

"எம் மண்ணின் மகிமையைக் கண்டீரா?" என்று மன்னர் வில்லவராயர் மீசையை முறுக்கினார்.

"மண்ணின் மகிமை அன்று, அரசே. கூச்சலின் மகிமை" என்றார் அவைப்புலவர் ஆராவமுதர்.

மன்னர் சினந்தார். "நாளை மேலைச்சேரிச் சடையனோடு மற்போர். எம் மல்லன் வென்றால், நீர் அவன் செருப்பைத் தலையில் சுமந்து ராஜவீதியை வலம் வரவேண்டும்!"

பெருமாளின் திருவடி பதித்த சடாரி அன்றி வேறெதையும் தாங்காத தலை அது. ஆயினும் புலவர் உடன்பட்டார்.

வேளூர் வழக்கப்படி மல்லர் இருவரும் முகம் தெரியாதவாறு உடலெங்கும் செம்மண் குழைத்துப் பூசிக்கொள்வர். மஞ்சள் கச்சை உள்ளூரானுக்கு, நீலக் கச்சை அயலூரானுக்கு. காண்போருக்கு அது ஒன்றே அடையாளம்.

மறுநாள் காலை ஆராவமுதர் வேங்கைமல்லனிடம் சென்றார்.

"உமது பலம் தோளில் இருக்கிறதா, துணியில் இருக்கிறதா?"

"என்ன கேள்வி சுவாமி இது? தோளில்தான்!"

"அப்படியானால் இன்று நீலத்தைக் கட்டும், பார்ப்போம். யாரிடமும் மூச்சு விடாதீர்."

வீம்புக்காரன் கட்டிக்கொண்டான். மஞ்சள் சடையனுக்குப் போயிற்று.

முதுகு மண்ணில் பட்டவன் தோற்றவன். மல்லர் இருவரும் கட்டிப் புரண்டு விழுந்தனர். எங்கும் புழுதி. நடுவர் குனிந்து பார்ப்பதற்குள், "நீலம் விழுந்தது! மஞ்சள் வாழ்க!" என்று களம் அதிர்ந்தது. எல்லாரினும் உரக்கக் கூவியவர் மன்னர். நடுவர் நிமிர்ந்து அரியணையை ஒருமுறை நோக்கினார்.

"மஞ்சளுக்கே வெற்றி!"

குடம் குடமாக நீர் ஊற்றி மண்ணைக் கழுவினர். மஞ்சள் கச்சையில் நின்றவன் சடையன்!

"அநியாயம்! அவன் முதுகுதான் மண்ணில் கிடந்தது. நான் அவன் மார்பின்மேல் இருந்தேன். நடுவருக்குக் கண் இல்லையா?" என்று வேங்கைமல்லன் குதித்தான்.

"இருக்கிறதே! பத்து ஆண்டுகளாக உம்மை வெற்றி வீரராக்கியவை அந்தக் கண்கள்தாமே!" என்றார் ஆராவமுதர்.

மன்னருக்கு வெட்கமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. தம் பட்டாடையைப் புலவர் தோளில் போர்த்தினார். "செருப்பு உமக்கு வேண்டாம், இதை ஏற்றுக்கொள்ளும். இனி அந்த நடுவரும் வேண்டாம். நானே நடுவராக அமர்கிறேன்."

"மிக நன்று, அரசே" என்று கைகூப்பினார் ஆராவமுதர். "இனி மல்லர்களும் வேண்டியதில்லை."