நனையாத சிறகை விரித்த நீர்க்காகம்

ஒரு பெரிய ஏரி. அதன் நடுவே பாதி மூழ்கிய கருவேல மரங்கள். அந்த மரங்களில் நீர்க்காகங்கள் கூட்டமாக வாழ்ந்தன.

நீர்க்காகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாத்தின் சிறகு தண்ணீரை உதறித் தள்ளிவிடும். நீர்க்காகத்தின் சிறகு அப்படி இல்லை, நனைந்து போகும். அதனால் முங்கி மீன் பிடித்து முடித்ததும் ஒரு மொட்டைக் கிளையில் ஏறி, இரண்டு சிறகுகளையும் விரித்து வெயிலில் காயப் போடும். சிறகு விரிந்திருந்தால் அந்தப் பறவை முங்கிவிட்டது, வயிறாரத் தின்றுவிட்டது என்று பொருள்.

ஏரிப் பறவைகளுக்கெல்லாம் தலைவர் ஒரு கூழைக்கடா. பெயர் ராஜமாணிக்கம். பெரிய தொண்டைப் பை, அதற்குத் தக்க பெரிய பேச்சு. தினமும் உச்சி வேளையில் மரங்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவார். கீழே சிறகுகள் விரிந்திருப்பதைப் பார்ப்பார். "நம் ஏரியில் எல்லோரும் நலம்!" என்று முழங்கிவிட்டுப் போவார். மேலே இருந்து பார்த்தே ஆட்சி நடத்துகிறவர்களுக்கு ஏரி எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் பூவாயி என்று ஓர் இளம் நீர்க்காகம் இருந்தது. போன வருடம் அது முங்கப் பழகிய புதிதில், யாரோ விட்டுப்போன கிழிந்த வலையில் தண்ணீருக்கடியில் சிக்கிக்கொண்டது. மூச்சு முட்டி, இனி அவ்வளவுதான் என்று நினைத்த நேரத்தில் வலை அறுந்தது. சிறகில் வெட்டு. சாம்பல் நாரை வைத்தியர் பச்சிலை வைத்து அதை ஆற்றிவிட்டார்.

சிறகு ஆறியது. பூவாயி ஆறவில்லை. தலை தண்ணீருக்குள் போனால் போதும், கண் முன்னே வலை வந்து நிற்கும். நெஞ்சு படபடக்கும். மழைக்காலம் முழுவதும் அது கரையில் கிடந்தது. "சும்மா நடிக்குது" என்றன சில பறவைகள். "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்றன சில. இந்த இரண்டாவது வகைப் பறவைகளிடமிருந்து தப்பிப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. நாரை வைத்தியர் மட்டும் உபதேசம் எதுவும் செய்யாமல் மருந்து கொடுத்தார். ஆழமில்லாத தண்ணீரில் பழக்கினார். மெல்ல மெல்லப் பூவாயி மறுபடி முங்கத் தொடங்கியது.

அப்போது வைத்தியர் அதனிடம் வந்தார். "பூவாயி, நான் தண்ணியில கால வச்சு நிக்கிறவன். முங்கினவன் இல்ல. காயத்துக்கு மருந்து குடுப்பேன், படபடப்புக்கும் குடுப்பேன். ஆனா உன்ன மாதிரி பயந்து கெடக்குற பிள்ளைங்க பக்கத்துல உக்கார, அங்க போயிட்டுத் திரும்பின ஒருத்தர் வேணும். நீ வர்றியா?"

பூவாயி ஒப்புக்கொண்டது. அன்று முதல் அதற்குத் துணைப்பறவை என்று பெயர்.

வேலை பூவாயிக்குப் பிடித்திருந்தது. பெருமையாகவும் இருந்தது. பெருமையில்தான் வினை வந்தது. கூழைக்கடா ஒவ்வொரு கூட்டத்திலும் பூவாயியைக் கிளையில் ஏற்றி அதன் கதையைச் சொல்லச் சொன்னார். சொல்லிச் சொல்லிக் கதை மெருகேறியது. வலை பெரிதானது. கடைசியில், "இன்று நான் முழு நலம்" என்று முடிக்க வேண்டும். அந்த வரியைச் சேர்த்தவர் தலைவர். உடனே எல்லாப் பறவைகளும் சிறகடித்துப் பாராட்டும்.

அந்த வரி உண்மை இல்லை. சில காலைகளில் பூவாயியால் இன்னமும் தண்ணீருக்குள் போக முடியவில்லை. அந்த நாட்களில் அது பின்னால் இருந்த ஒரு மரத்தில் போய் உட்கார்ந்து, நனையாத சிறகை விரித்துக்கொள்ளும். பட்டினி கிடந்தாலும் மானம் தப்பியது. பாராட்டுக்குப் பழகிய தொண்டை உண்மையை விழுங்கவும் பழகிக்கொள்கிறது.

கோடை வந்தது. ஏரி வற்றியது. மலைக்கு அப்பால் உள்ள பெரிய ஏரிக்குக் கூட்டம் குடிபெயர வேண்டும். வழியில் இறங்கவும் இடமில்லாத நெடும் பயணம். இன்னும் இரண்டொரு நாளில் புறப்பாடு என்று தலைவர் அறிவித்தார்.

அன்று மத்தியானம் பூவாயி ஒரு கிளையைக் கடந்து போனபோது சட்டென்று நின்றது. அங்கே துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தான். பூவாயிக்கு அடுத்த ஈட்டு முட்டையில் பொரிந்தவன். மற்றவர்களைப் போலவே சிறகை விரித்திருந்தான். மற்றவர்களின் சிறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர்களுடைய கிளை நனைந்து கறுத்திருந்தது. அவன் உட்கார்ந்த கிளை மட்டும் வெளுத்துக் கிடந்தது. அவன் சிறகு நுனியில் ஒரு தட்டாம்பூச்சி சுகமாக உட்கார்ந்திருந்தது.

பூவாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"சாப்பிட்டியா தம்பி?"

"ஆச்சுக்கா."

"என்ன மீனு?"

"கெளுத்தி."

"கெளுத்தியா? இந்தக் கரையிலயா? எனக்கும் கொஞ்சம் வழி காட்டேன், நானும் தின்னு நாளாச்சு."

துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு, "நீங்க தலைவரோட ஆளு. போய்ச் சொல்லிடுவீங்க" என்றான்.

"நான் யாரோட ஆளும் இல்ல. உன்னக் கேக்காம யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன். ஆனா நீ விழுந்துடுவேன்னு எனக்குப் பட்டா வைத்தியர்கிட்ட சொல்லுவேன். அதையும் மொதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

"அப்ப சரி" என்றான் துரைக்கண்ணு. ஆனாலும் சிறகை மடக்கவில்லை.

பூவாயி தொண்டையைச் சரிசெய்துகொண்டு தன் கதையைத் தொடங்கியது. இருண்ட தண்ணீர், கழுத்தை இறுக்கிய வலை, முட்டிய மூச்சு என்று கூட்டத்தில் சொல்லும் அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னது. முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தது.

துரைக்கண்ணு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்காவது வலைன்னு ஒண்ணு இருந்துச்சுக்கா" என்றான். "எனக்கு ஒண்ணுமே நடக்கல. ஒரு நாள் காலையில தண்ணியப் பார்த்தேன். போகணும்னு தோணல. மறுநாளும் தோணல. அவ்வளவுதான். காரணம் கேட்டா என்ன சொல்றது? நீங்க முழு நலம். எனக்கு நோயே இன்னதுன்னு சொல்ல வரல. நீங்க போங்கக்கா, உங்களுக்கு வேலை இருக்கும்."

பூவாயிக்குச் சுருக்கென்றது. பாராட்டு வாங்கிய கதை, பக்கத்தில் இருந்தவனுக்குக்கூட எட்டவில்லை. கோபம்கூட வந்தது. பறந்து போயிருக்கலாம். ஆனால் வெளுத்த கிளையில் அந்த ஒல்லிக் கால்கள் நடுங்குவதைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது.

பூவாயி வேறொன்றைச் சொன்னது. யாரிடமும் சொல்லாததை.

"தம்பி, உன் கெளுத்திக் கதை பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேளு."

"எப்படி?"

"போன வாரம் நானும் அதே பொய்யச் சொன்னேன். பின்னால மரத்துல காஞ்ச சிறக விரிச்சுக்கிட்டு, உளுவ மீனு தின்னேன்னு பக்கத்துல இருந்த மாமன்கிட்ட அளந்து விட்டேன். அவரும் உளுவ எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. ருசியா இருந்துச்சுன்னேன்."

துரைக்கண்ணு முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தான். "நீங்களா? போன வாரமா?"

"நான்தான். எல்லா நாளும் இல்ல. சில நாள். வலையெல்லாம் பழைய கதை. ஆனாலும் அந்தப் பயம் சில நாள் வரும். அடுத்த நாளு முங்குவேன். சில சமயம் அதுக்கு அடுத்த நாளு."

"அப்ப முழு நலம்னு சொல்றது?"

"அது தலைவர் எழுதிக் குடுத்த வசனம்."

துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் சிறகு தானாகத் தொங்கியது. தட்டாம்பூச்சி பறந்து போனது. பூவாயி பக்கத்துக் குட்டையிலிருந்து ஒரு சின்னக் கெண்டையைப் பிடித்து வந்து அவன் முன்னால் வைத்தது. பாதி தின்றான். மீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என்னால மலை தாண்டிப் பறக்க முடியாது. பாதி வழியில விழுந்துடுவேன். சொல்லவும் வெக்கமா இருக்கு. தங்கிடறேன்னா எங்கம்மா தங்கிடுவாங்க. அவங்களும் செத்துருவாங்க. அதான் எல்லாரோடவும் கெளம்பிடலாம்னு இருக்கேன். விழுற எடத்துல விழறேன்."

பூவாயி அவன் பக்கம் நெருங்கி உட்கார்ந்தது. "இத மட்டும் என்னால உள்ளுக்குள்ள வச்சுக்க முடியாது தம்பி. வைத்தியர்கிட்ட போகணும். நீயும் வா, ரெண்டு பேருமா போவோம்."

அவன் "வர்றேன்" என்றான்.

நாரை வைத்தியர் துரைக்கண்ணுவின் மார்பெலும்பைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "மருந்து தர்றேன். ஆனா சதை பிடிக்க நாளாகும். பயணத்தத் தள்ளி வச்சாத்தான் பிழைப்பான். நான் தலைவர்கிட்ட பேசறேன்" என்றார். போய்ப் பேசினார். "ஒருத்தனுக்காக ஊரையே நிறுத்த முடியுமா, வைத்தியரே?" என்று கேட்டுவிட்டார் தலைவர்.

மறுநாள் காலை புறப்பாட்டுக் கூட்டம். எல்லாப் பறவைகளும் மரங்களில் நிறைந்தன. கூழைக்கடா தொண்டைப் பையை உப்பிக்கொண்டு பேசினார். வருங்காலம் என்றார், இளைய தலைமுறை என்றார், மலை நமக்கு ஒரு மேடு என்றார். பேச்சு முடிவதாகத் தெரியவில்லை. கடைசியில், "தின்று தெம்பாக இருப்பவர்கள் எல்லோரும் சிறகை விரியுங்கள். புறப்படலாம்!" என்றார்.

மரம் மரமாகச் சிறகுகள் விரிந்தன. துரைக்கண்ணுவும் விரித்தான்.

பூவாயி அன்று காலை முங்கவில்லை. முங்க வராத நாட்களில் அதுவும் ஒன்று. தலைவருக்குப் பக்கத்துக் கிளையில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தது. சிறகு தானாக எழும்பியது. பழக்கம் அப்படி.

பூவாயி எழும்பிய சிறகை இழுத்து மடக்கிக்கொண்டது.

"என்ன பூவாயி, விரி" என்றார் தலைவர், அலகின் ஓரத்தால்.

"இன்னிக்கு நான் முங்கல, தலைவரே."

"அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டுமா? உன்னைக் காட்டித்தானே எல்லோருக்கும் தைரியம் சொல்கிறோம்?"

"பொய்யக் காட்டி வந்த தைரியம் மலை தாண்டாது" என்றது பூவாயி. இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி பேசியது. "எனக்குச் சில நாள் தண்ணியில எறங்க வரல. இன்னமும் வரல. பின்னால மரத்துல காஞ்ச சிறக விரிச்சு உங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன். இன்னிக்கு ஏமாத்தப் போறதில்ல."

எல்லாத் தலைகளும் பூவாயி பக்கம் திரும்பின. எங்கோ ஒரு நாமக்கோழி மட்டும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் நீந்திக்கொண்டிருந்தது.

துரைக்கண்ணு தன் சிறகைப் பார்த்தான். பூவாயி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கட்டாயப்படுத்தியதாகும். அவனுடைய ரகசியம், அவன் முடிவு.

துரைக்கண்ணு சிறகை மடக்கினான்.

பக்கத்தில் இருந்த அவன் தாய், "என்னடா?" என்றாள். அவன் மார்பெலும்பு துருத்தி நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். அவனோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

அப்புறம் கிழக்கு மரத்தில் ஒரு சிறகு மடங்கியது. நடு மரத்தில் இரண்டு. முட்புதர்ப் பக்கம், யாரும் எதிர்பார்க்காத ஒரு துடுக்குக்காரப் பெட்டை. பிறகு உளுவை மீனைப் பற்றி விசாரித்தாரே, அந்த மாமனும் மெதுவாக மடக்கிக்கொண்டார். "நாலு நாளா எனக்கும் சரியில்ல" என்று யாரிடமோ முணுமுணுத்தார்.

கூழைக்கடா முதல் முறையாக மேலே இருந்து பார்க்காமல், எதிரே பார்த்தார். இத்தனை பேரை விட்டுவிட்டுப் பறந்தால் போகிற ஏரியில் தலைவருக்குக் கூட்டம் சேராது. அது அவருக்கு உடனே புரிந்தது. இந்த மாதிரி விஷயங்கள் தலைவர்களுக்குச் சீக்கிரம் புரியும்.

"பயணம் தள்ளி வைக்கப்படுகிறது" என்றார். "இது நானே முன்பே யோசித்து வைத்திருந்த முடிவு."

"ரொம்பச் சந்தோஷம் தலைவரே" என்றது பூவாயி. பெயர் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். போராடி வாங்கிய எதற்கும், வாங்கியவன் பெயர் கடைசியில் நிற்பதில்லை. அதற்காக வாங்காமல் இருக்க முடியுமா?

மேற்குக் கரையில், ஆழமில்லாத குட்டையோரம், சிறகை மடக்கியவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நாரை வைத்தியர் மருந்து கொண்டு வந்தார். மற்ற நீர்க்காகங்கள் முறை போட்டு மீன் கொண்டு வந்தன. பூவாயி தன் வலைக் கதையைச் சொல்லவில்லை. யாராவது பேசினால் கேட்டது. யாரும் பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருந்தது. பூவாயிக்கு முங்க வராத ஒரு காலையில், துரைக்கண்ணு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னக்கா, இன்னிக்கு உளுவயா கெளுத்தியா?"

"போடா" என்றது பூவாயி. இருவரும் சிரித்தார்கள்.

நாட்கள் போயின. ஒரு காலையில் துரைக்கண்ணு அலகைத் தண்ணீரில் வைத்தான். எடுத்தான். அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொரு காலையில் தலையையும் வைத்தான். பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், குட்டைக்குள் முங்கிப் போய் விரல் நீளக் கெண்டை ஒன்றோடு மேலே வந்தான். கண்ணில் சேறு. யாரும் சிறகடித்துப் பாராட்டவில்லை. அவன் அதை நிம்மதியாகத் தின்று முடித்தான். மறுநாள் முங்கவில்லை. அதற்கு மறுநாள் முங்கினான்.

ஏரியின் கடைசித் தண்ணீர் வற்றுவதற்குள் கூட்டம் கிளம்பியது. துரைக்கண்ணு கூட்டத்தின் நடுவில் பறந்தான். தெம்பு குறைந்தவர்கள் முன்னால் பறக்க வேண்டாம் என்று புதிதாக ஓர் ஏற்பாடு; அதைச் சொன்னது அந்த மாமன். மலை முகட்டில் காற்று முகத்தில் அடித்தது. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புதிய தண்ணீர் மின்னியது.

விழுந்து எழுந்தவர் தான் இன்னமும் தடுமாறுவதை ஒளிக்காமல் சொல்லும்போதுதான், விழுந்து கிடப்பவருக்கு அவரோடு சேர்ந்து எழத் துணிவு வரும்.