பக்கத்து வீட்டுப் பெண்ணின் நாடி

“ஒரே வியாதிக்கு ஏன் மூணு மருந்து, சின்சே?”

கேட்டவள் புனிதவதி. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது ஐம்பத்தொன்று.

சின்சே என்றால் சீன வைத்தியர். தைப்பிங் ஊரில் அந்தத் தெருவே மெய் ஃபோங்கை அப்படித்தான் கூப்பிட்டது. வயது முப்பத்தெட்டு. அவளுடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தமிழ்ப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு வளர்ந்தவள். அவள் தமிழைக் கேட்டால் நம் ஆட்களே கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள்.

குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள். சிஷ்யை குருவை ‘சின்சே’ என்பாள். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

அன்று காலை மூன்று பெண்கள் வந்துபோயிருந்தார்கள். மூவர் கையிலும் ஒரே மாதிரி ஸ்கேன் தாள். சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிலக்கு வந்தால் வந்தது, இல்லாவிட்டால் மூன்று மாதம் எட்டிப்பார்க்காது.

முதல் பெண் கனத்த உடம்பு. நாக்கின் ஓரமெல்லாம் பல் தடம். அவளுக்குக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்த்த கஷாயம்.

இரண்டாமவள் ஒல்லி. பாதம் சில்லிட்டுக் கிடந்தது. தொப்புளுக்குக் கீழே மூலிகைத் திரியைக் கொளுத்திக் காட்டி, சின்சே சூடு ஏற்றினாள்.

மூன்றாமவள் உட்கார்ந்ததிலிருந்து பெருமூச்சுதான். அவளுக்குக் கால் கட்டைவிரல் பக்கம் ஒரு ஊசி.

“ஒரே வியாதின்னு யார் சொன்னா?” என்றாள் சின்சே.

“ஸ்கேன் சொல்லுது.”

“ஸ்கேன் கட்டியைப் பார்த்துச்சு. சரியாத்தான் பார்த்துச்சு. ஆஸ்பத்திரி மாத்திரையை நான் நிறுத்தச் சொல்லல. ஆனா ஒருத்திக்கு உடம்புல ஈரம் தேங்கிக் கிடக்கு. இன்னொருத்திக்கு அடுப்புல நெருப்பு இல்ல. மூணாவது ஆளுக்குப் புகை போக வழியில்ல. மூணு வீட்டுலயும் சோறு வேகல. அதுக்காக மூணு வீட்டுக்கும் விறகா கொடுப்பீங்க?”

புனிதவதிக்குப் பதில் பிடித்திருந்தது. ஆனால் அவள் கேட்க வந்தது அது இல்லை.

“ரெண்டு வருஷமா தோலை உரிக்கிறேன், வேரை நறுக்குறேன். ஒரு நாடியாவது என்னைப் பிடிக்க விட்டீங்களா?”

“உங்க விரலு பதிலைத் தெரிஞ்சுக்கிட்டு வருது, அக்கா. அது கேக்க வரல.”

புனிதவதிக்குச் சுருக்கென்றது. தன்னைவிடச் சின்னவள் வாயால் இதைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று முகம் சுண்டிப்போனது.

சின்சே அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி. நாளைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. நீங்களே பாருங்க. நான் பேசாம உக்காந்திருக்கேன்.”

யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று புனிதவதி யோசிக்கவே இல்லை. இரண்டு வருஷமாக வேர் நறுக்கியதே அந்த ஒருத்திக்காகத்தான்.

அவளுடைய மகள் ரூபிணிக்கு இருபத்து நான்கு வயது. பதினெட்டில் அதே நீர்க்கட்டி என்று தெரிந்தது. தாடையில் முடி, கன்னத்தில் பரு, நாலு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று புனிதவதி மகளைப் பக்கத்து ஊர் டாக்டரிடம் கொண்டுபோனாள். கோவிலில் யாராவது “பொண்ணுக்கு எப்பம்மா கல்யாணம்?” என்றால், “படிக்கிறா, படிக்கிறா” என்று பூசி மெழுகிவிடுவாள். படிப்பு முடிந்து ரூபிணி வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சின்சேயிடமும் சொல்லவில்லை. சீன வைத்தியத்தில் ஒரு ஆர்வம் என்றுதான் சொல்லிச் சேர்ந்திருந்தாள். தானே கற்று, தானே மருந்து கொடுத்து, காதும் காதும் வைத்த மாதிரி மகளைச் சரிசெய்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

மறுநாள் காலை மகளைக் கூடத்தில் உட்காரவைத்து, தாடையில் நூல் போட்டு முடியை எடுத்தாள்.

“வைத்தியரைத்தானே பாக்கப் போறோம்?” என்றாள் ரூபிணி. வலியில் அவளுக்குக் கண்ணில் நீர் கோத்திருந்தது.

“அதுக்காக? பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?”

பருவின் மேல் பவுடர் பூசினாள். புடவைக்குப் போடும் சென்ட்டைக் கழுத்தில் அடித்தாள்.

“நாக்கை வழிச்சியா?”

“வழிச்சேன் மா.”

“இன்னொரு தடவை வழி.”

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதைப் போலத்தான் ரூபிணி கிளம்பினாள்.

காரில் போகும்போது புனிதவதி சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அங்க என்னை அம்மான்னு கூப்பிடாதே. பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னு சொல்லப்போறேன்.”

சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ரூபிணி கண்ணாடி வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இது எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, சின்சே.”

“அப்படியா? வாம்மா.”

சின்சே சொன்ன சொல் மாறவில்லை. மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, முறத்தில் இருந்த வேர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

நோயை அறிய நான்கு வழி. பார்ப்பது. குரலைக் கேட்டு, வாசனை பிடிப்பது. விசாரிப்பது. தொடுவது. புனிதவதி இதை இரண்டு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

முதலில் முகத்தைப் பார்த்தாள். பவுடர்தான் இருந்தது.

“நாக்கை நீட்டு.”

நாக்கில் ஒன்றுமில்லை. வெள்ளையோ மஞ்சளோ, தடிப்போ மெல்லிசோ, படிந்திருந்தால்தானே படிக்க முடியும்? இரண்டு முறை வழித்த நாக்கு, பாடம் படிக்குமுன்னே துடைத்த சிலேட்டு மாதிரி வெறுமையாக, சிவப்பாக இருந்தது.

மூலையிலிருந்து ஒரு தும்மல் வந்தது.

“மன்னிச்சுக்குங்க அக்கா. சென்ட்டு.”

புனிதவதிக்குக் காது சூடானது. விசாரிப்புக்குத் தாவினாள்.

“எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?”

ரூபிணி வாயைத் திறந்தாள்.

“நாலு மாசத்துக்கு ஒரு தடவை,” என்றாள் புனிதவதி.

“அப்ப வயிறு வலிக்குமா?”

“முதல் நாளு ரொம்ப வலிக்கும்.” அதையும் புனிதவதிதான் சொன்னாள்.

“தூக்கம் வருதா?”

“எங்க வருது? ரெண்டு மணி வரைக்கும் புரண்டுக்கிட்டு...”

சொல்லி முடிக்கவில்லை.

“பக்கத்து வீட்டுச் சுவரு ரொம்ப மெல்லிசு போல லா,” என்றாள் சின்சே, வேரிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

புனிதவதியின் முகத்தில் ஈயாடவில்லை. ரூபிணி மட்டும் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தாள். பிறகு அந்தச் சிரிப்பையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இனி மிச்சம் இருந்தது ஒரே வழி.

சின்னத் தலையணையை மேசையில் வைத்தாள். மகளின் மணிக்கட்டை அதன்மேல் வைத்து, மூன்று விரலையும் வரிசையாக வைத்தாள்.

இந்தக் கையை அவள் கடைசியாகப் பிடித்தது எப்போது? நினைவில்லை. தாடையைப் பிடித்திருக்கிறாள். நெற்றியைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். கையை மட்டும் பிடிக்கவில்லை.

“மெதுவா,” என்றாள் சின்சே. “முதல்ல மேலாக்க. அப்புறம் நடுவுல. அப்புறம் ஆழத்துல. ஒரேயடியா அமுக்கினா சத்தம் நின்னுடும்.”

புனிதவதி விரலைத் தளர்த்தினாள். காத்திருந்தாள்.

வந்தது. ஈரத்துணி காயப்போட இழுத்துக் கட்டின கயிறு மாதிரி, விரலுக்கடியில் விறைப்பாக ஓடியது. புத்தகத்தில் படித்தது. இத்தனை நாள் ஏங்கியது. அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது.

“சின்சே! இழுத்துக் கட்டின நாடி! கல்லீரல் வழி அடைச்சிருக்கு!”

“சரியா பிடிச்சீங்க.”

இரண்டு வருஷத்தில் முதல் பாராட்டு. புனிதவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எதனால அடைக்கும்?” என்று கேட்டாள் சின்சே.

“கோபம், அவமானம். வெளிய விடாம முழுங்கி முழுங்கி வெச்சிருந்தா கல்லீரல் இறுகிடும். கல்லீரல் இறுகினா ரத்தம் நகராது. மாசா மாசம் வரவேண்டியது வராது.” மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

“நல்லது. எதை முழுங்கியிருக்கா?”

“அது... எனக்கெப்படித் தெரியும்?”

“கேளுங்க. விரலை எடுக்காதீங்க.”

புனிதவதி மகளின் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷம் நோயாளிகளிடம் பேசிய குரலில், பதமாகக் கேட்டாள்.

“மனசுல என்னம்மா இருக்கு? பயப்படாம சொல்லு.”

ரூபிணி அவளை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல, ஆன்ட்டி.”

விரலுக்கடியில் அந்தக் கயிறு இன்னும் ஒரு சுற்று இறுகியது.

புனிதவதி அதைக் கேட்டாள். காதால் கேட்டதைவிட விரலால் நன்றாகக் கேட்டாள்.

 வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

“மருந்து சொல்லுங்க, அக்கா,” என்றாள் சின்சே.

இந்த அடைப்புக்கு எட்டுச் சரக்கு. எந்த வேர், எந்த இலை, எதைக் கடைசியில் போட வேண்டும், எல்லாம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.  ஆனால் சற்று முன் அவளே ஒப்பித்த ‘அவமானம்’ என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது. இதைத்தான் ஆறு வருஷமாக இந்தப் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறோம், சோற்றோடு சோறாக, நூலோடு நூலாக என்று தோன்றியது. தன் பெண்ணைத் தன் பெண் என்று சொல்லக் கூசியவள் வைத்தியம் படிக்க வந்தாளே என்று தன்மீதே அருவருப்பாக இருந்தது.

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“சின்சே, இவ என் பொண்ணு.”

சின்சே ஒரு வேரை எடுத்து முகர்ந்து பார்த்து, முறத்தில் போட்டாள்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?”

புனிதவதிக்கு முதலில் புரியவில்லை.

பிறகு புரிந்தது.

மெதுவாக மகளின் பக்கம் திரும்பினாள். நூல் போட்ட தாடை இன்னும் சிவந்திருந்தது. பவுடருக்கு மேலே கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது.

“ரூபி,” என்றாள். “நான் உன்னைப் பத்தி... நான்தான்...”

 மூன்று விரலும் அந்த மணிக்கட்டிலேயே இருந்தன.

ரூபிணி தன் கையைப் பார்த்தாள். அதன் மேலிருந்த விரல்களைப் பார்த்தாள்.

“நாடி பார்த்தது போதும் மா,” என்றாள். “சும்மா பிடிச்சுக்குங்க.”